வளைந்த கோட்டின் மீது ஒரு புகார்

அரசாங்க அலுவலகத்தில் கிராணி என்கிற குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் எந்த அறிவிப்பையும் முழுக்கப் படிக்காமல் அவனால் தாண்டிப் போக முடியாது. ஏலமோ, நாய் உரிமமோ, தண்ணீர்க் குழாய்ப் பழுதோ, எதுவானாலும் நின்று, கண்ணாடியை மாட்டிக் கடைசி வரி வரைக்கும் படிப்பான். கையெழுத்துப் போட்டவர் தம் பதவியைச் சரியாக எழுதியிருக்கிறாரா என்றும் பார்த்துவிட்டுத்தான் நகர்வான். பென்ஷன் வாங்கத் தொடங்கிய புதிதில், கடல் தாண்டி எங்கள் ஜனங்கள் குடியேறிய இந்த ஜார்ஜ் டவுன் தெருக்களில் நான் நடந்த நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம்.

அக்கா வீட்டு அஞ்சடியில் அந்த அறிவிப்பை நான் பார்த்ததும் அப்படித்தான். கடைவீடுகளின் முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடப்பதற்காக விட்டிருக்கும் ஐந்தடி நடைபாதைக்கு எங்கள் ஊரில் அஞ்சடி என்று பெயர். அதன் தூணில், பக்கத்து வீட்டுச் சீனர் மரக்கட்டைச் செருப்புகளைக் கோத்துத் தொங்கவிடும் ஆணிக்குக் கீழே, பாதி மறைந்தபடி ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அந்த வரிசையில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது ஒட்டியவருக்குத் தெரிந்திருக்கும். ஒட்ட வேண்டும் என்பதுதான் விதி. புரிய வேண்டும் என்று விதி சொல்லவில்லை.

செருப்புகளை ஒதுக்கிவிட்டுப் படித்தேன். அந்த வரிசை வீடுகளின் பின்புறமாக ஒரு சந்து வெட்டப் போகிறார்கள். கோட்டுக்குள் வரும் கட்டடங்களை எல்லாம் இடிக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் குறித்த காலத்துக்குள் தெரிவிக்கலாம்.

பின்சந்து வெட்டுவது நல்ல காரியம்தான். அதுவரைக்கும் கக்கூஸ் வாளியைத் தூக்குபவர் பின்கட்டிலிருந்து சமையலறை, கூடம் எல்லாம் கடந்து வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பின்னால் ஒரு சந்து இருந்தால் ஊரின் ஆரோக்கியம் கூடும் என்று நகரத் திட்டக்காரர்கள் சொன்னார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சந்து எங்கே போகிறது என்பதில்தான் வில்லங்கம்.

அந்த வரைபடத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். சில மாதங்களுக்கு முன் திட்ட அலுவலகத்தின் தாழ்வாரத்தில் பொதுமக்கள் பார்வைக்கென்று தொங்கவிட்டிருந்தார்கள். பொதுமக்கள் என்று அன்றைக்கு அங்கே நின்றது நான் ஒருவன்தான். அதில் கோடு நேராக இருந்தது. அக்கா வீட்டு வரிசையின் பின்சுவர்களுக்கும், எதிர்ப்பக்கமிருந்த, தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு பெரிய சீன முதலாளியின் கிடங்குக்கும் நடுவே, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கடித்துக்கொண்டு போயிற்று. இப்போது அறிவிப்போடு இணைத்திருந்த சின்ன வரைபடத்தில் அந்தக் கோடு வளைந்திருந்தது. கிடங்கு ஆரம்பிக்கும் இடத்தில் எங்கள் பக்கம் ஒதுங்கி, கிடங்கு முடியும் இடத்தில் மறுபடியும் நிமிர்ந்தது. தெருவில் பெரிய மனிதர் வந்தால் நாம் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவதில்லையா, அந்த மாதிரி.

ஒதுங்கிய கோடு அத்தானின் அறைக்கு நடுவே விழுந்தது.

அத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் தொங்கான் படகுகளில் ஏறி இறங்கும் மூட்டைகளை எண்ணுகிற வேலையில் இருந்தவர். ஊரில் பாதிப் பேரை அவருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு அவரைத் தெரியும். நெஞ்சில் சயரோகம் வந்து படுத்த பிறகு அந்தப் பின்னறைதான் அவருக்கு உலகம். கூடத்தில் அக்கா விடியும் முன்பே இடியாப்பம் பிழிந்து அடுக்குவாள். தலைச்சுமைக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். நடுக்கட்டில் அடுப்புப் புகை. மாடிக்கு அவரால் ஏற முடியாது. பின்னறையில் மட்டும் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. கிடங்குச் சுவருக்கு மேலே ஆகாயம் தெரியும். கடல் காற்று வரும். அக்கரையிலிருக்கும் பிறைக்குப் போகிற படகின் ஊதல் கேட்கும். ஊதலை வைத்தே எந்தப் படகு என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான் மிச்சமிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீர்கள், என் முடிவு இந்த அறையில் இருக்கட்டும் என்பார். அவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் சிலர் அந்த நீளமான வார்டுக்குப் போய்த் திரும்பாததை அவர் பார்த்திருந்தார். அக்கா அவர் தலைமாட்டில் சாமி விளக்கு வைத்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தாள்.

நான் உள்ளே போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன மச்சான், ரொம்ப நேரமா தூணைக் கும்பிட்டுட்டு நிக்கிறியாமே? செருப்புக் கடைக்காரன் வந்து சொல்லிட்டுப் போறான்."

விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"பாதி ரூம்தானே போவுது. நானும் பாதி ஆளுதான். சரியாத்தான் அளந்திருக்கான்" என்றார். பிறகு இருமல் வந்தது. அது அடங்கியதும் என் கையைப் பிடித்து, "ஏதாச்சும் பண்ணு" என்று மட்டும் சொன்னார். அதில் கிண்டல் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். திட்ட அலுவலகத்தின் மேல் வரும் புகார்களைக் கேட்பதற்கென்று அந்நாளில் ஒரு விசாரணைத் துரை இருந்தார். அவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத் தேவையான ஏற்பாடுகள் செய்யப்பட்டிருந்தன. அவருக்கு ஒரு பக்கத்தில் புகார் எழுதினேன். முதல் வரைபடத்தில் கோடு நேர். இரண்டாவதில் வளைவு. மாற்றிய வரைபடத்தை மறுபடியும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். வைக்கவில்லை. ஆகவே இந்த அறிவிப்புச் செல்லாது, விசாரிக்கக் கோருகிறேன். அவ்வளவுதான்.

அத்தானின் நோயைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மறந்துபோய் விடவில்லை, யோசித்துத்தான் விட்டேன். அலுவலகத்தில் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. அதிலிருந்து ஒரு சொல்லைப் பொறுக்குகிறார்கள். சாக்கடை என்றிருந்தால் பொறியாளருக்குப் போகும். தண்ணீர் என்றிருந்தால் குழாய்க்காரருக்குப் போகும். எந்தச் சொல் கண்ணில் குத்துகிறதோ, அந்தச் சொல்லுக்குரிய மேசைக்குக் காகிதம் நடக்கும். என் வாழ்நாளில் பெரும்பகுதியை இப்படிச் சொல் பொறுக்குவதில் கழித்தவன் நான். என் புகாரில் பொறுக்குவதற்குக் கோடு என்ற ஒரே சொல்லைத்தான் விட்டு வைத்தேன்.

அதை அக்காவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவள் மாவு பிசைந்த கையோடு நின்று கேட்டாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"இதுல அழுகையே இல்லையே தம்பி."

இந்த இடத்தில் அழுகை என்பது கண்ணீர் அல்ல. கோர்ட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த மனு எழுதுபவர்கள் மத்தியில் புழங்கிய சொல் அது. பெயர், விலாசம் முடிந்து வேண்டுகோள் ஆரம்பிப்பதற்கு முன் ஒரு பத்தி வரும். மனுதாரரின் வறுமை, வியாதி, ஆதரவின்மை எல்லாம் அதில் இறங்கும். அதற்குத்தான் அழுகை என்று பெயர். அழுகை நன்றாக எழுதுபவரின் மேசையில் எப்போதும் கூட்டம் நிற்கும். அது இல்லாத மனு எங்கள் ஜனங்களுக்கு மரியாதைக் குறைவு. சாவு வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை விசாரிக்காமல், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்பது போல. அதிகாரி நம்மைப் பார்க்க வேண்டுமானால் நம் கஷ்டத்தை முதலில் அவர் முன் வைக்க வேண்டும் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். அக்காவும் நம்பினாள்.

"அதெல்லாம் எழுதக் கூடாதுக்கா. அந்தத் துரைக்குக் கோடு நேரா இருக்கா இல்லையான்னு பாக்கறதுதான் வேலை. நம்ம வீட்டுக் கஷ்டம் அவருக்கு எதுக்கு?"

"மனுசன்தானே அவரும்" என்றாள். பிறகு மாவுக்குத் திரும்பிவிட்டாள். அவள் ஒத்துக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

புகாரை நானே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பார்த்ததுதான். அதாவது ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஓர் அலுவலகம் பதில் சொல்லாமல் இருக்கும்போதும் இன்னோர் அலுவலகம் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு காலை திட்ட அலுவலகத்து மண்டோர், அதாவது மேஸ்திரி, ஒருவர் கூலியாட்களோடும் சிவப்புச் சாய டின்னோடும் வந்தார். நான் அப்போது அங்கே இல்லை. முற்றத்துச் சிமெண்டுத் தரையில் கோடு போட்டு, அறை வாசற்படியில் ஏற்றி, உள்ளே வந்து, கட்டிலை நகர்த்தச் சொல்லி, அத்தானின் தலைமாட்டுச் சுவரில் கீழிருந்து மேலாக ஒரு பட்டை இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மண்டோர் தன்மையானவர்தானாம். சாயம் காயும்வரை ஐயா சுவரில் சாயாமல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் போனபோது அக்கா அந்தப் பட்டையின் மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்தாள்.

"சும்மா கோடுதான்க்கா. புகார் நிக்கிற வரைக்கும் இடிக்க முடியாது" என்றேன். சட்டப்படி நான் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் சுவரில் இருந்த சிவப்பு கண்ணுக்குத் தெரிந்தது. என் சட்டம் தெரியவில்லை.

அக்கா மறுநாளோ அதற்கடுத்த நாளோ நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கோர்ட்டுப் பக்கம் போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அங்கே ஒரு மேசை முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மேசைக்காரர் கெட்டிக்காரர். எழுதிக் கொடுத்ததைத் திட்ட அலுவலகத்தில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

என் உத்தியோக காலம் முழுவதிலும் அவ்வளவு வேகமாக நகர்ந்த மனுவை நான் கண்டதில்லை. வாரம் முடியவில்லை. சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு ஆட்களோடும் மூடு வண்டியோடும் அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கினார். செருப்புக் கடைக்காரர் தம் மகனை விட்டு எனக்குச் சொல்லியனுப்பினார். நான் ரிக்‌ஷா பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, இடியாப்பம் வாங்க வந்த தலைச்சுமைக்காரர்கள் அஞ்சடியில் கூடைகளைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் கோபமாகக் கேட்டதற்குக் கோபப்படாமல் பதில் சொன்னார்.

"நாங்களா வரல சார். அம்மாதான் எழுதிக் கேட்டிருக்காங்க."

மனுவைக் காட்டினார். நல்ல ஆங்கிலம். எழுதியவர் என் கீழே வேலை பார்த்திருந்தால் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்திருப்பேன். கணவர் சயரோகத்தால் ரத்தம் கக்கிக்கொண்டு, காற்றும் வெளிச்சமும் இல்லாத ஒரு பொந்தில் கிடக்கிறார். பேதை மனுதாரி அதே கூரையின் கீழ் இடியாப்பம் பிழிந்து ஊருக்கு விற்று வயிறு கழுவுகிறாள். இந்தப் பரிதாபத்தைத் திருவுளம் பற்றி இரக்கம் காட்ட வேண்டும். கோட்டைப் பற்றியும் ஒரு வரி இருந்தது, கடைசியில்.

அந்த அறையில் காற்றுக்குக் குறைவே இல்லை. ஆனால் அழுகையில் வருகிற அறைகளுக்கு ஜன்னல் இருக்காது. அது அந்தத் தொழிலின் மரபு. காகிதத்தின் ஓரத்தில் திட்ட அலுவலகத்தில் யாரோ, சுகாதாரத்துக்கு, என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்திருந்தார்கள். அதில் தப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. தின்பண்டம் விற்கும் வீட்டில் சயரோகி இருப்பதாக ஒரு காகிதம் வந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அத்தான் எதிர்க்கவில்லை. சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தலை வாரினார். தூக்க வந்த ஆட்களிடம், வண்டியில் சீட்டாட வேறு ஆள் இருக்கிறதா என்று கேட்டார். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டும்போது என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"மச்சான், போறதுக்கு ஃபாரம் இருக்கற மாதிரி திரும்பி வர்றதுக்கும் ஃபாரம் இருக்குமில்ல?"

"இருக்கு அத்தான்."

"அப்ப அத எழுது."

வண்டி போன பிறகு அக்கா கூடத்தில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் சொல்வதற்கு என்னிடம் ஏராளமாக இருந்தது. கீழ்க் கிராணிகள் காகிதத்தைத் தவறான மேசைக்கு அனுப்பினால் நான் பேசும் பேச்சு அலுவலகத்தில் பிரசித்தம். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு பலகையை இழுத்துப் போட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவளாகவேதான் பேசினாள். "எரக்கப்படுங்கன்னு கேட்டேன் தம்பி. எரக்கப்பட்டுட்டாங்க."

திரும்பி வருவதற்கு உண்மையிலேயே ஒரு வழி இருந்தது. நோயாளிக்கு வீட்டில் தனியாக, காற்றோட்டமுள்ள அறை இருப்பதாகச் சுகாதார இன்ஸ்பெக்டர் சான்று கொடுத்தால், அந்த வீட்டில் தின்பண்ட வியாபாரமும் இல்லையென்றால், டாக்டர் அவரை அனுப்பலாம். அன்றைக்கே அக்கா இடியாப்ப அச்சைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பூ வாங்கித் தொடுத்து விற்க ஆரம்பித்தாள். விண்ணப்பத்தை நான் எழுதிப் போட்டேன். பதில் உடனே வந்தது. இடிப்பதற்குக் குறிக்கப்பட்ட அறைக்குச் சான்று தர இயலாது. இடிப்பதற்கு எதிரான புகார் முடிவாகட்டும், பிறகு பார்க்கலாம்.

ஆக, அத்தான் வீடு திரும்புவது அந்தக் கோட்டின் மேல் தொங்கிற்று.

பார்வை நேரத்தில் நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். இரண்டு பக்கமும் கட்டில் போட்ட நீண்ட கூடம். பினாயில் நெடி. அவருக்கு எப்படி இருக்கிறது என்று நாங்கள் கேட்பதற்குள், "கோடு எப்படி இருக்கு?" என்று அவர் கேட்பார். வளைந்தபடியே இருக்கிறது என்பேன். அது என்ன வயசுக் கோளாறா என்பார். ஒவ்வொரு முறையும் அவர் குரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். இங்கே படகு ஊதல் கேட்பதில்லை என்று ஒருநாள் அக்காவிடம் சொன்னார். அது ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வந்த குறை.

விசாரணைத் துரைக்கு நினைவூட்டல் எழுதினேன். மறுபடியும் எழுதினேன். நினைவூட்டல் எழுதுவதற்கு ஒரு பதம் உண்டு. மிஞ்சினால் மேசையின் அடிக்குப் போய்விடும். தணிந்தால் ஒருவரும் சீண்ட மாட்டார்கள். தங்கள் கடிதம் கவனிக்கப்பட்டு வருகிறது என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தை நானே ஆயிரம் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். வாங்கும் பக்கத்திலிருந்து படித்தபோதுதான் அதில் ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது.

கடைசியில் துரை ஒரு காலை நேரில் வந்தார். கூடவே திட்ட அலுவலகத் தலைவர், வரைபடம் போட்டவர், ஒரு மொழிபெயர்ப்பாளர். வீட்டில் வரைபடம் விரிக்கிற அளவுக்கு மேசை இல்லை. அத்தானின் கட்டிலில் பாயைச் சுருட்டிவிட்டு, அந்தப் பலகையின் மேல் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். சுவரில் சிவப்புப் பட்டை. எல்லோரும் கட்டிலைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். அத்தான் பார்த்திருந்தால் இதற்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

வரைபடக்காரர், கோட்டை யாரும் மாற்றவில்லை, முதல் வரைபடத்திலிருந்த கைப்பிசகு திருத்தப்பட்டது, அவ்வளவுதான் என்றார். கைப்பிசகு என்றால், திருத்தச் சொல்லி எழுதிய உத்தரவு எங்கே என்று நான் கேட்டேன். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கிடங்குச் சுவர் தெரிந்தது. துரை எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, இந்த அம்மாள் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் அக்காவிடம் திரும்பி, "அம்மா, உங்க கஷ்டத்த எல்லாம் துரைகிட்டச் சொல்லுங்க" என்றார்.

துரை அதைக் கேட்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளரும் எங்கள் ஆள்தானே. அவர் கொடுத்த தமிழ் அதுதான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையசைக்கக்கூட இல்லை. அவள் கட்டிலைப் பார்த்தாள். அதன் மேல் கிடந்த இரண்டு காகிதங்களைப் பார்த்தாள்.

"மொதல்ல கோடு நேரா இருந்திச்சு. இப்ப வளைஞ்சிருக்கு. நேராக்கச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் மேற்கொண்டு வரும் என்று காத்திருந்தார். துரையும் காத்திருந்தார். வரவில்லை. கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லாமல், சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் கல் மாதிரி நின்றாள்.

என் காலத்தில் அதைவிடச் சுருக்கமான, சரியான வாதம் ஒன்றை நான் கேட்டதில்லை. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். புருஷனின் கட்டிலைப் பார்த்துக்கொண்டு தன் சொந்த வீட்டில் வாய்விட்டு அழக்கூட அவளுக்கு உரிமை இல்லாமல் போயிற்றே என்றுதான் தோன்றிற்று. அவர்கள் போன பிறகும் அவள் அழவில்லை. பாயை எடுத்து விரித்து, சுருக்கம் நீக்கி, தலையணையைச் சரியாக வைத்தாள்.

உத்தரவு வந்தது. மாற்றிய வரைபடம் செல்லாது. சந்து முதல் வரைபடத்தின்படியே வெட்டப்படும். அறை தப்பிற்று. பின்சுவரின் ஓரத்தில் கூரை இறக்கம் மட்டும் கொஞ்சம் போகும். அந்த வரிசை முழுக்க அன்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். செருப்புக் கடைக்காரர் என் காலை அளவெடுத்துக்கொண்டு போனார்.

நான் சுகாதார அலுவலகத்தில் உத்தரவின் நகலைக் கொடுத்து, சான்றுக்கு மறுபடியும் விண்ணப்பித்துவிட்டு, மாலைப் பார்வை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா அறையைக் கழுவுவதற்காக வீட்டில் நின்றுவிட்டாள். வார்டில் அத்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகம் மிகவும் சின்னதாகிவிட்டிருந்தது. காதருகே குனிந்து சொன்னேன்.

"நேராயிடுச்சா?" என்றார்.

"நேராயிடுச்சு அத்தான்."

"அப்ப எப்ப வீட்டுக்கு?"

எனக்கு எல்லாம் தெரியும். நகல் பதிவாக வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு ஒதுக்க வேண்டும். அவர் வந்து அறையைப் பார்த்துச் சான்று எழுத வேண்டும். அது ஆஸ்பத்திரிக்கு வந்து பெரிய டாக்டர் கையெழுத்திட வேண்டும். என்னிடம் கேட்ட எவருக்கும் நடைமுறையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியே பழகியவன் நான்.

"நாளைக்கு" என்றேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "கவர்மெண்டு நாளைக்கா, நம்ம நாளைக்கா?"

"நம்ம நாளைக்கு அத்தான்."

சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். உதடு கொஞ்சம் இழுபட்டது. என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பார்வை நேரம் முடிந்து மணி அடித்ததும் நான்தான் கையை விடுவித்துக்கொண்டேன்.

அவர் சொன்ன அந்த இரண்டு ‘நாளை’களுக்கும் இடையில் எங்கேயோ அவர் போய்விட்டார்.

அந்த நோயில் ஆஸ்பத்திரியில் இறந்தவரின் உடல் வீட்டுக்குப் போகாது. அங்கிருந்து நேராகச் சுடலைக்குத்தான் போக வேண்டும் என்று விதி. ஒரே ஒரு தடவை அந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு எடுத்துப் போக முடியுமா என்று அக்கா கேட்டாள். முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் போய்க் கேட்டேன். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த குமாஸ்தாவிடம் நான் அன்றைக்கு என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதில் ஒரு விதியின் எண்கூட இல்லை. அந்த மனிதர் எழுந்து நின்று கேட்டார். கேட்டுவிட்டு, முடியாது சார், மன்னிச்சிடுங்க என்றார்.

காரியமெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்த பிறகு ஒரு காலை நான் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். முன்பு வந்த இன்ஸ்பெக்டர் அல்ல, வேறொருவர். அறையைப் பார்த்துச் சான்று எழுத வந்திருப்பதாகச் சொன்னார்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. ஆகவே அது தன்பாட்டுக்கு ஒவ்வொரு மேசையாக நடந்து, முறைப்படி, இவர் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. நான் எழுந்து சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னை முந்திக்கொண்டு அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

அவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்தார். டேப்பை நீட்டி அறையை அளந்தார். ஜன்னலின் அகலம், உயரம், தரையின் சாய்வு. சுவர்ப் பட்டையைப் பார்த்து, இது என்ன என்றார். பழைய கோடு என்றேன். கட்டிலில் விரித்திருந்த பாயைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"நோயாளி என்னைக்கும்மா வர்றாரு?"

"வர மாட்டாரு தம்பி. நீங்க பாக்க வேண்டியதப் பாருங்க."

அவர் டேப்பைச் சுருட்டாமல் அப்படியே நின்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "நான் இப்ப என்ன சார் எழுதறது?" என்று கேட்டார். விண்ணப்பதாரர் இறந்தபடியால் விண்ணப்பம் காலாவதி என்று எழுத வேண்டும். அதற்கான சொற்றொடர்கூட எனக்கு மனப்பாடம்.

"பாத்தத எழுதுங்க" என்றேன்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்காராமல், நின்றபடியே, ஜன்னல் விளிம்பில் காகிதத்தை வைத்து எழுதினார். அறை விசாலமானது, வெளிச்சமும் காற்றும் தாராளம், நோயாளி ஒருவர் படுத்திருக்கத் தகுந்தது. அதை அக்காவுக்குத் தமிழில் சொல்லச் சொல்லி என்னைக் கேட்டுக்கொண்டார். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அந்த ஜன்னலுக்குக் கொக்கி போய்ப் பல நாளாகிறது. காற்றடித்தால் கதவு மடேரென்று வந்து மோதும். அவர் கையெழுத்திட்டு முடிக்கும் வரைக்கும் அக்கா அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.